தொப்பியைக் கையில் கொடுத்தால்

தொப்பியைத் துவைப்பதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது, சார். வாஷிங் மெஷினில் போட்டால் முன்விளிம்பு கோணிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கையால் கசக்கி, பிழியாமல் ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். என் தம்பியின் தொப்பியை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அப்படித்தான் துவைத்தேன். இந்த முறையும் துவைத்துவிட்டேன். போலீஸ் விசாரணைக்கு அதை நீங்கள் கேட்பீர்கள் என்று அப்போது தோன்றவில்லை.

தம்பி ஓடுகிறவன். சும்மா மைதானத்தைச் சுற்றுகிற ஓட்டம் இல்லை. மலை, பொட்டல் என்று ராத்திரி பகல் பாராமல் ஓடுகிற ஓட்டம். தரையில் கால் படாமல் அம்மா வளர்த்த பிள்ளை, வளர்ந்த பிறகு தரையை விடவே இல்லை. கால் நகங்கள் கழன்று விழும். அவற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைப்பான். வீட்டுக்கு யாராவது வந்தால், அவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அதைத் திறந்து காட்டுவாள்.

நான் வாட்டர் ஹீட்டர் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் இருக்கிறேன். "உங்க சிரமம் புரியுது, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று நாள் முழுக்கப் போனில் சொல்வது என் வேலை. யார் என்ன கத்தினாலும் என் குரல் ஏறாது. அதனால்தான் பந்தயத்துக்குத் துணையாக என்னைக் கூட்டிப்போவதாகத் தம்பி சொல்வான். காரில் முன்னால் போய், நிறுத்தத்தில் காத்திருந்து, தண்ணீர் கொடுத்து, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டி, திரும்ப ஓடவிட வேண்டும். என் லீவு எல்லாம் அதற்கே சரியாகிவிடும்.

ஒரு விதியையும் அவனேதான் போட்டான். அம்மா முன்னால், சாப்பாட்டு மேசையில்.

"அக்கா, நான் அழுவேன், கெஞ்சுவேன், உன்னைக் கண்டபடி திட்டுவேன். எதையும் காதுல போட்டுக்காத, தொரத்தி விடு. ஆனா தொப்பியக் கழட்டி உன் கையில குடுத்தேன்னா, நிஜமாவே முடியலன்னு அர்த்தம். அதுக்கப்புறம் என்னை ஓட விடாத."

"அப்படியெல்லாம் ஒரு நாளும் வராதுடா," என்றாள் அம்மா. வரவும் இல்லை. எத்தனையோ பந்தயங்களில் அழுதிருக்கிறான், தண்ணீர் பாட்டிலை என் மேலேயே வீசியிருக்கிறான். தொப்பி மட்டும் தலையை விட்டு இறங்கியதில்லை.

என் கல்யாணத்தைப் பற்றி உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது ஒரு விஷயமே இல்லை, சார். பதிவு அலுவலகத்தில் தேதி குறித்திருந்தோம். அதே நாளில் தம்பிக்கு ஒரு தகுதிப் பந்தயம் வந்தது. "கல்யாணத்தத் தள்ளி வெச்சுக்கலாம்க்கா, பந்தயத்தத் தள்ள முடியாதே," என்றான். நியாயம்தான். தள்ளி வைத்தேன். அடுத்த தேதிக்கும் ஒரு பந்தயம் வந்து சேர்ந்தது. அப்புறம் என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவரே ஒதுங்கிக்கொண்டார், ஆபீசில் என் பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். நானும் விருந்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தேன். "உனக்கென்னக்கா, நீ எதையும் தாங்குவ," என்றான் தம்பி. அவன் வாயிலிருந்து வந்தால் அது பெரிய பாராட்டு.

கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும். அன்றைக்கு நடுங்கவில்லை.

கடைசி நிறுத்தத்துக்கு உச்சி வெயிலில் வந்தான். உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. வியர்வை நின்றுபோனால் என்ன அர்த்தம் என்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். நிற்க முடியாமல் கார் கதவைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை, கெஞ்சவில்லை, திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன். நிறுத்தத்தில் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் பார்த்ததாகச் சொன்னது நிஜம். பாவம், அவளுக்கு எங்கள் விதி தெரியாது, அக்கா தம்பிப் பாசம் என்று நினைத்திருப்பாள். தொப்பியின் புழுதியைத் தட்டினேன். அவன் தலையிலேயே திரும்ப வைத்து, விளிம்பை நேராக்கினேன்.

"உன் சிரமம் புரியுது," என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ. இன்னும் ஒரே ஒரு மேடுதான்."

என்னைப் பார்த்தான். சின்ன வயதில் நான் சைக்கிள் பழக்கியபோது, பின்னால் பிடித்திருக்கிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அதே பார்வை. பிறகு மேட்டை நோக்கி நடந்தான், நடை கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டமாயிற்று. நான் மடக்கு நாற்காலியை எடுத்து டிக்கியில் வைத்தேன். மேட்டின் உச்சியில் அவனைக் கண்டெடுத்தபோது உயிர் இல்லை என்றார்கள். தொப்பி தலையிலேயே இருந்ததாம்.

அம்மா அழுது ஓய்ந்துவிட்டாள். "பிடிவாதக்காரன், யார் சொன்னாலும் கேக்க மாட்டானே," என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புகிறாள். பேப்பரிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள், சார். செத்துப்போனவன் மேல் வீண்பழி வரக்கூடாது. அவன் நின்றுவிடத்தான் நினைத்தான். நான் போகச் சொன்னேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனான்.