அலுமாரிக்குள் எரிந்த பல்புகள்

சுவிஸில், ஷ்லீரன் நிலையத்தில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவி தமிழில் சொன்னது காதில் விழுந்ததும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

“தக்காளிச் செடி எண்டு சொல்லி என்னை ரெண்டு மாசமா ஏமாத்திப்போட்டீங்கள்.”

“மெல்லக் கதையும். இடுப்பு, நாரி நோவிலதானே வளத்தனான். எனக்கும் நித்திரை வரவேணுமெல்லே.”

“அதுக்கு அலுமாரிக்குள்ள கஞ்சாவோ? கடையில மலிவா வித்த எல்ஈடி பல்பெல்லாத்தையும் வாங்கிக் கொளுவி... மணம் படிக்கட்டு வரைக்கும் வந்திட்டுது. கட்டிடம் பாக்கிற மனுசன் நேற்று எங்கட கதவடியில நிண்டு மணந்து பாத்தவர்.”

“அதுதான் விடியவே எல்லாத்தையும் வெட்டிப்போட்டன்.”

“வெட்டி எங்க போட்டனீங்கள்?”

கணவர் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார்.

“வீட்டுக் குப்பையில போட்டா ஆரும் கண்டிடுவினம். தூரக் கொண்டுபோய்ப் போடுவம் எண்டு...”

அடுத்த பெட்டியிலிருந்து இரண்டு பொலிஸ்காரர் எங்கள் பெட்டிக்குள் வந்தார்கள். கணவரின் முகம் வெளிறிப்போயிற்று.

“பையை இஞ்ச தாங்கோ,” என்றார் மனைவி.

“வேண்டாமப்பா. உமக்கென்னத்துக்கு?”

“எனக்கு சுவிஸ் பாஸ்போட் கிடைச்சிட்டுது. நீங்கள் இன்னும் வதிவிட பெர்மிட்டில இருக்கிறீங்கள். என்னைத் திருப்பி அனுப்பேலாது.”

மனைவி பையைப் பிடுங்கித் தன் கோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பொலிஸ்காரர்கள் எங்களைப் பார்க்காமலே கடந்து போனார்கள்.

அல்ட்ஸ்டெட்டனில் இருவரும் இறங்கினார்கள். கணவர் கையை நீட்டினார். மனைவி பையைக் கொடுக்கவில்லை.