உள்ளூர் எண்

கையெழுத்து எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் எனக்குப் படிக்க வரும். அதனால்தான் பேனாவால் நிரப்பிய மனுக்கள் எல்லாம் அலுவலகத்தில் என் மேசைக்கே வந்தன. சார்ல்ஸ்டனில் எங்கள் வேலை இதுதான், சார்: பலர் சேர்ந்து போட்ட கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்ததும், யாருக்கு நஷ்டஈடு உண்டு, யாருக்குக் கிடையாது என்று மனுக்களைப் பிரிப்பது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தம்பி கோல்பி பத்தாவதையே தாண்டவில்லை.

வழக்கு, காருக்கு வாரன்டி விற்கிற ஒரு கம்பெனி மேல். போனை எடுத்தால் ஆள் பேசாது, மெஷின் பேசும். ஒரே வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை. வெளியூர் எண் என்றால் யாரும் எடுப்பதில்லை என்று, உள்ளூர்க்காரர்களின் எண்களைத் திரையில் காட்டிக் கூப்பிட்டார்கள். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் கம்பெனி பணம் கட்டியது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, சமரசப் பத்திரத்திலேயே அப்படி எழுதிக்கொண்டார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவுக்கு நான் அவர்களைவிட மேல்.

கோல்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைப் பழக்கத்தை விடுவதற்காக ஒரு விடுதியில் சேர்ந்திருந்தான். ஜனவரியில் ஒரு மத்தியானம், அங்கிருந்து வெளியே வந்துவிட்டான். வீட்டிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். கடைக்காரரின் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டான். இரண்டு தடவை. யாரும் எடுக்கவில்லை. மெல்லிய ஜாக்கெட்டோடு பனியில் நடக்க ஆரம்பித்தான். மறுநாள் ரோட்டில் பனி வாரும் வண்டிக்காரர்தான் அவன் உடலைப் பார்த்தார்.

தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை என்று நாங்கள் அதற்குள் பழகியிருந்தோம். எங்களைப் பழக்கியது அந்த மெஷின். அந்த வாரம் அம்மாவின் போனில் அது அதிகமாகக் காட்டிய எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து, செப்டம்பரில், அதே எண் ஒரு மனுவில் வந்தது. எல்வுட் டீக், வயது எழுபத்தொன்று, அவருக்கும் எங்கள் ஊரான பிரிமர்தான். 'எனக்கு அந்த அழைப்புகள் வரவில்லை. அழைப்பு வந்தவர்கள் நான்தான் கூப்பிட்டேன் என்று நினைத்து என்னைத் திட்டுகிறார்கள். எனக்கு ஏதாவது உண்டா?' என்று எழுதியிருந்தார். விதிப்படி கிடையாது. ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். நான் போன் செய்தேன்.

"ரஸ்ஸா?" என்றார் எடுத்ததும்.

"இல்லைங்க, நஷ்டஈட்டு ஆபீஸ்லேருந்து."

"அப்படியா. திட்டத்தான் போறியோன்னு பார்த்தேன் கண்ணு. நேத்து ஒரு அம்மா எங்க பாட்டனையும் சேர்த்துத் திட்டினாங்க. அவரு காலத்துல காரே கிடையாது."

"நம்பரை மாத்திடலாமே?"

"மாத்தக்கூடாதும்மா. பையன் ரஸ் வீட்டை விட்டுப் போயி ஆறு வருஷமாச்சு. உனக்குத்தான் தெரியுமே, நம்ம பக்கத்துப் பிள்ளைங்க மாத்திரையால எங்கெங்கயோ போயிடுதுங்க. அவனுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான்."

அதாவது, தன் பிள்ளை கூப்பிடுவான் என்று அவர் அந்த எண்ணை உயிரோடு வைத்திருந்தார். அந்த எண்ணால் என் அம்மாவின் பிள்ளை கூப்பிட்டது காதில் விழவில்லை. அவர் விட்டிருந்தாலும் கம்பெனி அதையே காட்டியிருக்கலாம், செத்துப்போன எண்ணைக்கூடக் காட்ட முடியும். தெரியும் சார், எனக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கம்பெனி முதலாளியின் எண் என்னிடம் இல்லை. இவருடையது இருந்தது.

இன்ஷூரன்ஸ், சோலார் பலகை, சவ அடக்கத் திட்டம் என்று நாற்பது வலைத்தளங்களில் அவர் எண்ணைப் போட்டேன். 'என்னைக் கூப்பிடச் சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அந்தத் தொழிலில் சம்மதம் என்பது அவ்வளவுதான். ஒரு டிக். மத்தியானத்துக்குள் அவருடைய போன் மூச்சு விடாமல் அடிக்க ஆரம்பித்தது.

வாரம் ஒரு தடவை நானும் கூப்பிட்டு விசாரித்தேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

"கழிப்பறைக்குக்கூட போனை எடுத்துட்டுப் போறேன் கண்ணு. எது அவன்னு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் எடுக்கறேன்."

"உடம்பு கெட்டுடும். பையன் வந்தா நேரா வீட்டுக்குத்தானே வருவான்?"

"துப்பாக்கியைக் காட்டித் துரத்தினவன் நான். போன்ல கேக்காம வரமாட்டான்."

நாலு மாதம் தாங்கினார். நெஞ்சுவலி வந்து, டாக்டர் சொல்லி, ஜனவரியில் எண்ணை விட்டார். எனக்குத்தான் முதலில் சொன்னார். நல்ல முடிவு என்றேன். விட்ட எண்ணைக் கொஞ்ச காலம் சும்மா வைத்திருந்து வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். போன் கம்பெனியில் மூன்று தடவை கேட்டேன். ஏப்ரலில் எனக்குக் கிடைத்தது.

ஜூன் மாதம், சாப்பாட்டு நேரம். காரில் உட்கார்ந்து, உள்ளே இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ரஸ் பேசறேன். வச்சிடாதீங்க."

"அவர் இல்லைங்க. போன வருஷமே தவறிட்டாரு. இந்த நம்பர் இப்ப என்னோடது."

லாரிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டான்.

"ரொம்ப அவஸ்தைப்பட்டாரா?"

"இல்ல. தூக்கத்துலயே."

"என்னைப் பத்தி ஏதாவது..."

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் யாரோ."

"சரிக்கா. தொந்தரவுக்கு மன்னிச்சிருங்க."

போன் விஷயத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவன் எட்டு மாதமாக மாத்திரையைத் தொடாமல் இருந்தான் என்பதும், அன்று சாயங்காலம் மறுபடி தொட்டுவிட்டுப் பிழைக்கவில்லை என்பதும், சட்டைப் பையில் பிரிமருக்குப் பஸ் டிக்கெட் இருந்தது என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். டீக்குக்கு இப்போது என் அம்மாவின் நிலைமை தெரியும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மாவை விசாரிக்காதீர்கள். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டோம், அதனால்தான் பிள்ளை போனான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். போன் சத்தமாகத்தான் அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள், நான் சமையலறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நான்தான் கட் பண்ணினேன், இரண்டு தடவையும்.

திரையில் தெரிந்த பங்க் கடைக்காரரின் எண் டீக்கின் எண் மாதிரியே இருந்தது, சார். முதல் ஆறு இலக்கமும் அதேதான். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அதே ஆறுதான்.