ஆவுடை சன்னல்

வேப்பங்குளத்துக்குக் கரண்டு வந்த புதுசு. ஊருக்கு நடுவுல ஒரு சினிமாக் கொட்டகை எழும்புச்சாம். ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம், நடுவுல இடுப்பளவு சுவர். பொம்பளைக பக்கத்துச் சன்னலுக்கு வெளியே கோயில் புளியமரம். சன்னல்ல தொங்குன கறுப்புத் துணி காத்துக்கு விலகும்போதெல்லாம், பயலுக மரத்துல உக்காந்து ஓசியில படம் பார்த்தானுக. கோயில் மரத்தை வெட்ட முடியுமா? முதலாளி சங்கரலிங்கம் சன்னலைச் செங்கல் வச்சு அடைச்சிட்டாரு. காத்துக்குன்னு ஆம்பளைக பக்கம் பெரிய காத்தாடி மாட்டுனாரு. அது அங்க ஊதுற பீடிப் புகையெல்லாம் அள்ளி, சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் கொட்டுச்சாம்.

ஆவுடைன்னு ஒருத்தி. அவ மக பேச்சிக்கு இழுப்பு. ஆனா சினிமான்னா உசிரு. இடைவேளைக்கு முன்னாடியே பிள்ளைக்கு மூச்சு முட்டும், ஆவுடை வெளியே தூக்கிட்டு ஓடுவா. ஒரு படத்துக்கும் முடிவு பார்த்ததில்ல அந்தப் பிள்ளை.

முதலாளிகிட்டப் போனா ஆவுடை. "அந்தச் சன்னலைத் தெறந்து விடுங்க மொதலாளி."

"பொங்கல் கழியட்டும் தாயி."

பொங்கல் கழிஞ்சது, போனா. "சித்திரை பொறக்கட்டும் தாயி."

சித்திரை பொறந்தது, போனா. "பொம்பளைக பேச்சைக் கொறைங்க, காத்து தானா வரும்"னாராம். பக்கத்துல நின்ன டிக்கெட்டுக்காரன் சிரிச்சானாம். ஆவுடை அங்கிருந்து நேரா வீடு வீடாப் போய்ப் பொம்பளைககிட்டப் பேசுனா.

அடுத்த புதுப்படம். கதவு தெறந்ததும் தெறக்காததுமா, ஆவுடை பொம்பளைகளை எல்லாம் ஆம்பளைக பக்கம் கொண்டுபோய் உக்கார வச்சிட்டா.

"யக்கா, இது எங்க எடம்."

"அங்கிட்டு எம்புட்டு எடம் கெடக்கு, போய் உக்காருங்க தம்பி."

முதலாளி கெஞ்சுனாரு, அதட்டுனாரு. ஒருத்தியும் அசையல. வேற வழியில்லாம ஆம்பளைக சுவரைத் தாண்டிப் போய், பழக்கத்துல பீடியைப் பத்த வச்சானுக. விட்ட புகை போக வழியில்லாம அவனுக மூஞ்சியிலேயே சுத்துச்சு. மொதப் பாட்டு முடியல. "ஓய் மொதலாளி, இதுக்குள்ள மனுசன் இருப்பானா?"ன்னு கத்துனானுக. யாரோ கடப்பாரை கொண்டாந்தான். சன்னலை அடைச்சிருந்த செங்கல் பொலபொலன்னு விழுந்துச்சு.

ஆவுடைக்குச் சந்தோசம் வரலையாம். "நாங்க வருசக்கணக்கா மூச்சு முட்டுனோம். இவனுகளுக்கு ஒரு பாட்டு தாங்கல"ன்னு பல்லைக் கடிச்சாளாம். பேச்சி அன்னைக்குத்தான் ஒரு படத்தைக் கடைசி வரைக்கும் பார்த்தா. கதாநாயகன் செத்துப் போனான். "இதைப் பாக்கவாம்மா இந்தப் பாடு?"ன்னு கேட்டாளாம்.

கொட்டகை இப்போ கல்யாண மண்டபம். ஏசி போட்டாச்சு. ஆனாலும் தாலி கட்டுறதுக்கு முன்ன, பொண்ணு வீட்டுப் பொம்பளை ஒருத்தி போய் அந்தச் சன்னலைத் தெறந்து வைக்கணும். "குளுமையெல்லாம் வெளியே போகுதும்மா"ன்னு மேனேஜர் இன்னைக்கும் புலம்புறாரு. "எங்க ஆவுடை சன்னல், போகட்டும்"னு சொல்லிட்டு, நல்லா அகலத் தெறந்து வச்சிட்டுத்தான் அவ வருவா.