ஒரு பள்ளம் தள்ளி

என் கணவர் முகுந்த் நல்ல உழைப்பாளி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நீங்கள் இங்கே புனே கோர்படியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் என்று தெரிந்ததுமே எனக்குப் பாதி நிம்மதி, ஆரோக்கியமேரி மேடம். இந்தியில் எனக்குக் காய்கறி வாங்க வரும். போலீஸுக்கு வாக்குமூலம் கொடுக்க வராது.

அந்த ஞாயிறு, காரின் என்ஜின் பெல்ட்டைத் தானே மாற்றுவதாகக் கிளம்பினார். பழைய பெல்ட் விரிசல் விட்டு, வண்டியை எடுத்தாலே கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மகர்பட்டாவில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில், செல்போனில் வீடியோவை ஓடவிட்டுத் தொடங்கினார்.

"நீ டார்ச்சை மட்டும் புடி, சந்திரிகா. ரோசனையெல்லாம் சொல்ல வேண்டாம்" என்றார். பிடித்தேன்.

அந்தப் பெல்ட்டின் உட்புறம் நீளவாக்கில் பள்ளங்கள் இருக்கும். அது சுற்றுகிற சக்கரங்களிலும் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்கார வேண்டும். அவர் கீழ்ச் சக்கரத்தில் ஒரு பள்ளம் தள்ளி மாட்டிவிட்டார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கோயம்புத்தூரில் என் அப்பா மாவு மில் வைத்திருந்தவர். ஓரம் தாண்டி ஓடுகிற பெல்ட் கொஞ்ச நேரம் சமத்தாக ஓடும். பிறகு பிய்த்துக்கொண்டு எகிறும். எங்கள் காரில் ஸ்டியரிங்குக்கு விசை கொடுப்பதும் அந்தப் பெல்ட்தான்; அது போனால் ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

ஏன் சொல்லவில்லை? முன்பு ஒருமுறை சொன்னேனே. வாஷிங் மெஷின் பைப்பைத் தப்பாக மாட்டுகிறீர்கள் என்றேன். கேட்கவில்லை, வீடெல்லாம் தண்ணீர். அதற்குப் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும், "எங்க வீட்டு மாவு மில் இன்ஜினீயர்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நகைச்சுவையாகப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரியும், அவ்வளவுதான்.

மாட்டி முடித்து என்ஜினை ஓடவிட்டார். கீச்சுச் சத்தம் போயே போய்விட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எப்படி?" என்றார்.

"அம்சமா இருக்குதுங்க" என்றேன்.

மறுநாள் காலை, மும்பையில் அவர் தம்பி விச்சுவின் புதுமனைப் புகுவிழாவுக்குக் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. எனக்குத் தலைவலி, வரவில்லை என்றேன். புளியோதரை கட்டிக் கொடுத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடமும் சுற்றினேன். நிறுத்த நினைத்திருந்தால் பிள்ளையார் அப்போதே நிறுத்தியிருக்கலாம். மலைப்பாதையில் மெதுவாகப் போங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினேன்.

கண்டாலா மலை வளைவில் ஸ்டியரிங் திரும்பவில்லையாம். சேதி வந்ததும் அழுதேன், மேடம். நிஜமாகவே அழுதேன். நல்ல மனிதர்.

சாகட்டும் என்று நினைக்கவே இல்லை. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிடும், நாலு பேர் பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தலைகுனிந்து நிற்பார் என்றுதான் நம்பினேன். அந்த ஒரு காட்சிக்குத்தான் ஆசைப்பட்டேன்.

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட எங்கள் மகள் ப்ரீத்தியைக் கடைசி நிமிடத்தில் ஏன் இறக்கிக்கொண்டேன் என்று கேட்கிறீர்கள். குழந்தைக்குச் சளி, மேடம். அன்றைக்கு இல்லை. ஆனால் பிடித்திருக்கும்.