காற்றுப் பார்க்கப் போன மூன்று பேர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பாலோ ஊருக்கு அந்தப் பக்கம், செம்பனைக் காட்டுக்குள் குப்பை நிலையத்துக்கு இடம் தேடிப் போன மூன்று பேர் கதை சொல்கிறேன். ஜீப்பை ஓட்டுகிறவர் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குத் தலைவர் வீரமுத்து. பக்கத்தில் கோப்போடு இருக்கிறவர் மாவட்ட மன்றத்தின் சுகாதார அதிகாரி தேவானந்தன். பின்னால் கவுன்சிலர் தனலெட்சுமி. காலை ஒன்பதரை மணி. பதினோரு மணிக்கு இடத்தை முடிவு செய்யும் கூட்டம்; அதற்குமுன் இரண்டாவது இடத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போகிறார்கள். இனி அவர்களே பேசட்டும்.

தனலெட்சுமி: ...முடியவே முடியாது சார்! ரெண்டாவது இடத்துல குப்பை நிலையம் வந்துச்சுன்னா, கவுன்சிலர் வேலையே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போய்டுவேன் லா.

வீரமுத்து: போன மாசமும் இதத்தான் சொன்னீங்க அக்கா. கால்வாய் விசயத்துல.

தனலெட்சுமி: தலைவரே, நீங்க ரோட்டப் பாருங்க. மாடு, மாடு!

வீரமுத்து: மாடு இல்லக்கா. நம்ம ஐயாசாமி... மோட்டர் சைக்கிள்ல புல்லுக்கட்டு.

தேவானந்தன்: மேடம், திரும்பவும் சொல்லுறன். முதலாவது இடம் ஆத்தோரம். அது போச்சு. மூண்டாவது, மூடிக் கிடக்கிற செம்பனை ஆலை. பதினாலு கிலோமீட்டர்...

தனலெட்சுமி: அங்க என்ன சார் குறை? சுத்துப்பட்டுல பாம்பத் தவிர யாரும் இல்ல!

தேவானந்தன்: தூரம் எண்டு மேலிடம் குதிக்கும். நிரப்பின இந்தப் பாரத்தில, படிவத்தில, ரெண்டாவது இடத்துக்குத்தான் புள்ளி கூட.

தனலெட்சுமி: பதினொரு குடும்பம் இருக்கு அங்க! தோட்டத் தொழிலாளிங்க லயத்து வீட்டு வாசலுக்கும் லாரி திரும்புற இடத்துக்கும் நடுவுல ஒரு துணிக்கொடிதான் சார். கருப்பாயி அக்கா பேரப்புள்ளைங்க சட்டை காயப்போடுற கொடி.

தேவானந்தன்: பாரத்தில "வீடுகள்" எண்ட இடத்தில "இல்லை" எண்டு கிடக்கு.

தனலெட்சுமி: எப்படி இல்லாம போகும்?

தேவானந்தன்: லயத்தை இடிச்சாச்சு எண்டு தோட்ட நிர்வாகம் பத்து வருசத்துக்கு முன்னமே எழுதிக் குடுத்திட்டுது. இடிக்கேல்ல. கோப்பில மட்டும் இடிஞ்சிட்டுது.

வீரமுத்து: அலமாக்! அப்ப போன வாரம் கருப்பாயி அக்கா வீட்டுல நான் கோழிக்கறி சாப்பிட்டது?

தேவானந்தன்: கோப்புப்படி வெட்டவெளியில இருந்து சாப்பிட்டிருக்கிறியள்.

வீரமுத்து: வெட்டவெளியில ரெண்டு தடவ சோறு போட்டாங்க சார்.

தனலெட்சுமி: சிரிக்காதீங்க! நாத்தம் நேரா வீட்டுக்குள்ள போகும்னு நிரூபிக்கலாம்னுதான் திங்கக்கிழமை காத்துப் பார்க்க வந்தோம். காத்து சதி பண்ணிருச்சு...

வீரமுத்து: காத்துப் பார்க்குற கருவி ரிப்பேருன்னு, வீட்டுல இருந்து சாம்பிராணித் தட்டத் தூக்கிட்டு வந்த ஒரே கவுன்சிலர் நீங்கதான். புகை எந்தப் பக்கம் போச்சு, சொல்லுங்க?

தனலெட்சுமி: ...மேல.

வீரமுத்து: மேல! மூணு பேரும் தெம்புசு மரத்தடியில கைய கட்டிக்கிட்டு அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்னோம். கால் மணி நேரம்!

தனலெட்சுமி: மழை வந்து ஓடினதுல தட்டையும் விட்டுட்டோம். என் மாமியார் கொடுத்த பித்தளைத் தட்டு. இன்னிக்காவது எடுக்கணும்.

வீரமுத்து: சார், உங்க கால் சப்பாத்துல என்ன... ஏதோ அப்பியிருக்கு?

தேவானந்தன்: காலமை பிட்டுக்கு மா குழைச்சனான்.

வீரமுத்து: மாவு சாம்பல் கலர்லயா?

தேவானந்தன்: குரக்கன் மா, கேழ்வரகு. ரோட்டைப் பாருங்கோ.

தனலெட்சுமி: நிறுத்துங்க! தலைவரே, நிறுத்துங்க! அந்த மரத்தப் பாருங்க...

வீரமுத்து: ஐயய்யோ!

தனலெட்சுமி: மஞ்சத் துணி! மாலை! எலுமிச்சம்பழம்! அங்க பாருங்க, சூலம்! சார், திங்கக்கிழமை இது வெறும் மரம்தானே?

தேவானந்தன்: வெறும் மரம்தான்.

வீரமுத்து: இன்னிக்கு வியாழன். மூணே நாளுல சாமி குடி வந்துட்டாரு. இருங்க, நான் ஓடிப் போய்க் கருப்பாயி அக்காவக் கேட்டுட்டு வர்றேன்.

தனலெட்சுமி: சார்... என் தட்டுதான் நடுவுல இருக்கு. தேய்ச்சுப் பளபளன்னு வச்சிருக்காங்க. எப்படிக் கேக்குறது?

தேவானந்தன்: கேக்காதேங்கோ. இனி அது அவருக்கு.

வீரமுத்து: அக்கா! கேட்டுட்டேன்... கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்... "பெரிய ஆபிசருங்க மூணு பேரு வந்து, சாம்பிராணி போட்டு, கும்பிட்டாங்க. உடனே மழை கொட்டுச்சு. அப்ப இந்த இடத்துல சும்மாவா ஒண்ணும் இல்லாம இருக்கும்?" அப்படிங்குறாங்க! செவ்வாக்கிழமை பூ வச்சிருக்காங்க. நேத்து பதினொரு குடும்பமும் சேர்ந்து பொங்கலே வச்சிட்டாங்க. முனியாண்டியாம்.

தனலெட்சுமி: நம்மளப் பார்த்தா? அட கடவுளே... நாம போய் உண்மையச் சொல்லிரணும்.

தேவானந்தன்: பொறுங்கோ. ஏழாவது கேள்வியை வாசிக்கிறன். "நிலையத்துக்கு அருகில் வழிபாட்டுத் தலம் உண்டா?"

தனலெட்சுமி: உண்டுன்னு எழுதினா?

தேவானந்தன்: இடம் அந்த நிமிசமே தள்ளுபடி. மிஞ்சுறது ஆலைதான்.

வீரமுத்து: ஆலையா! சார், உங்களக் கட்டிப்பிடிக்கட்டுமா?

தேவானந்தன்: வேண்டாம். வேர்வை.

தனலெட்சுமி: மனுசங்க இருக்காங்கன்னா கேக்காத பாரம், சாமி இருக்காருன்னா கேக்குமா?

தேவானந்தன்: உடன கேக்கும். ஆனா பூவும் துணியும் போதாது. நிலத்தில நிரந்தரமா நாட்டின அடையாளம் இருக்கவேணும் எண்டு அடியில குறிப்புக் கிடக்கு.

வீரமுத்து: சூலம் இருக்கே! ஆட்டிப் பார்த்தேன், அசையல. சிமெண்டு போட்டிருக்கு. காலைல எந்திரிச்சுப் பார்த்தா தானா முளைச்சிருந்துச்சுன்னு அங்க எல்லாருக்கும் மெய்சிலிர்த்துப் போச்சு.

தனலெட்சுமி: தானாவா? தலைவரே, இந்த மஞ்சத் துணி... இது உங்க தைப்பூச வேட்டிதானே? ஓரத்துல காவடிச் சந்தனக் கறை அப்படியே இருக்கு!

வீரமுத்து: ஹி... பூ மட்டும் இருந்தா பார்க்க ஒரு மாதிரியா இருந்துச்சுக்கா. நேத்து இந்தப் பக்கமா போனேன், பாதி கிழிச்சுக் கட்டினேன். சரி, அந்த எலுமிச்சம்பழம்? இவ்வளவு பெருசு இந்த வட்டாரத்துல ஒரே ஒரு வீட்டு மரத்துலதான் காய்க்கும்.

தனலெட்சுமி: நேத்து தட்டு எடுக்கத்தான் வந்தேன், சாமி குடி வந்துட்டாருன்னாங்க... வெறுங்கையோட எப்படி வர்றது?

வீரமுத்து: எனக்கு மட்டும் பாடம் நடத்தினீங்க!

தேவானந்தன்: சண்டை வேண்டாம், கையெழுத்து வேணும். ஏழாவது கேள்விக்கு "ஆம்." இன்னொண்டும் செய்யிறன். "வீடுகள்: இல்லை"... இதை வெட்டுறன். "பதினொண்டு." பக்கத்தில எல்லாற்ற பேரும்.

தனலெட்சுமி: இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே சார்!

தேவானந்தன்: தனிய இதை எழுதினா, விசாரிக்கிறம் எண்டு ஆறு மாசம் இழுப்பினம். அதுக்குள்ள இங்க லாரி ஓடும். இப்ப இடம் தப்பிச்சுது. இனி ஆக்களும் கோப்பில இருக்கட்டும். அடுத்த முறை ஒருத்தரும் வெட்டவெளி எண்டு சொல்லேலாது.

தனலெட்சுமி: கொடுங்க, நான் போடுறேன். கருப்பாயி அக்கா பேரு மூணாவதா? முதல்ல போடுங்க சார்.

வீரமுத்து: அக்கா, ஒரு நிமிசம் இங்க வாங்க. இந்தச் சூலத்தோட கம்பத் தடவிப் பாருங்க. சிவப்புச் சாயத்துக்கு அடியில ஏதோ நம்பர்...

தனலெட்சுமி: இது மன்றத்து ஸ்டோர் நம்பர்! சூலம் இல்ல லா இது, கால்வாய் வாருற மூணு பல்லுக் கம்பி! ஸ்டோர் சாவி வச்சிருக்கறது ஒரே ஒருத்தர்தான்... சார்! குரக்கன் மாவா? ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற மனுசன் நீங்க!

தேவானந்தன்: ஓம். ஞாயிறு வரைக்கும் பொறுக்கேலாமல்தான், இண்டைக்கு விடிய சிமெண்டு இறுகும் வரைக்கும் பக்கத்தில நிண்டு ஜெபிச்சனான். என்ர ஆண்டவருக்கு விளங்கும், முனியாண்டியும் கோவிக்கமாட்டார்... ஏறுங்கோ, கூட்டத்துக்கு நேரமாச்சு.

கேட்டிருந்த கண்ணுகளே, உங்கள் வீடு எந்தக் கோப்பிலும் விட்டுப்போகாமல் இருக்கட்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும், உங்கள் வாசலுக்கு உலை கொதிக்கும் வாசனையோடு வரட்டும்.