பதினோராம் பக்கம்

— ஆணி, ஸ்டேப்ளரைக் கீழ வை! இனி ஒண்ணுகூட அடிக்காத!

— என்ன கத்தரி, பேயறைஞ்சவ மாதிரி நிக்குற? இருநூறுல நூத்தம்பது அடிச்சாச்சு தாயே. அஞ்சு மணிக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க.

— பதினோராம் பக்கத்தைப் பாத்தியா?

— நான் எங்க பாக்குறேன்? எழுதுறவங்க வாசல் பெட்டியில போடுறாங்க, நீங்க வெட்டி ஒட்டுறீங்க, நான் மடிச்சு அடிக்குறேன். இங்க எல்லாருக்கும் பட்டப்பேருதான்; யார் எழுதினதுன்னு கேக்கக் கூடாது, ஒரு எழுத்தையும் மாத்தக் கூடாது. ஹேக்கருங்க போடுற இதழுக்கு அதானே அழகு! ஆமா, ஒட்டினவளுக்கே தெரியாதா?

— முதல் எட்டுப் பக்கம்தான் நான் ஒட்டினேன். மிச்சத்தை வெல்டர் ஒட்டினான். இங்க பாரு. 'ஒரு வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தேன்.' எழுதினது 'சுவர்க்கோழி'யாம். எங்கேயோ ஒரு கேமராவுக்குள்ள பூந்து, தெரிஞ்சதையெல்லாம் வரைஞ்சு வெச்சிருக்கான்.

— எவனோ ஒரு ஏமாளி மாட்டியிருப்பான், விடு.

— அந்த ஏமாளி நான்தான்.

— என்னது!

— நாற்காலிக் கையில துணி சுத்தியிருக்கு பாரு, அது நான் சுத்தினது. ஸ்டூல்மேல முதுகு கழட்டின ரேடியோ. இது எங்கப்பா ரூம்டா!

— அடிப்பாவி! பெத்தவர் ரூம்ல கேமராவா?

— வழுக்கி விழுந்தாருல்ல? தனியா இருக்காரு, எனக்கு வேலையே ஓடல. மூணு மாசம் முன்னாடி சுவர்க் கடிகாரத்துக்குள்ள வெச்சேன்.

— அவருக்குத் தெரியுமா?

— சொன்னா ஒத்துக்குவாரா? டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்த வீம்பு.

— 'அடுத்தவன் வீட்டை எட்டிப் பாக்காதே'ன்னு மேடை போட்டுப் பேசுறவ நீ! ஊருக்குத்தான் உபதேசமா தாயே?

— குத்திக் காட்டாத. மூணு மாசமா எவனோ அவரைப் பாத்துட்டிருக்கான்! எழுதியிருக்கான் பாரு: 'சாயங்காலமானா கிழவர் பொண்டாட்டி படத்துக்கிட்ட பேசுறார். தேடி வர ஆள் இல்ல.' எனக்கே தெரியாதுடா இது. நான் விழுந்தாரா எழுந்தாரான்னு மட்டும் பாத்துட்டு மூடிடுவேன். கடைசியில, 'கேமரா மாட்டினது உங்கள்ல ஒருத்தர்தான்'னு வேற முடிச்சிருக்கான். இது வெளிய போனா நான் இந்தக் கதவைத் தாண்ட முடியுமா?

— உக்காரு, உக்காரு. பாஸ்வேர்டு என்ன வெச்ச?

— அம்மாவோட செல்லப் பேரு.

— நாசமாப் போச்சு! 'வீட்டு ஆளுங்க பேரை வைக்காதே'ன்னு மூணாம் இதழ்ல எழுதினதே நீதானே?

— இதை எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதுடா! அப்பா யார் எதிர்லயும் அப்படிக் கூப்பிட மாட்டாரு. அடுப்படியில மட்டும்தான். எனக்கும் அவருக்கும் தவிர…

— என்ன, பாதியில நிறுத்திட்ட?

— ஆணி… பெட்டியில கவர் போட்டது யாருன்னு பாத்தியா?

— பாக்கக் கூடாதுங்கறது விதி. ஆனா போன வாரம் ஊன்றுகோலோட ஒரு பெரியவர் வந்தாரு. வழி தப்பி வந்துட்டார்னு நெனச்சேன். 'போட்ட பக்கத்தைப் பிடுங்கிட மாட்டீங்களே?'ன்னார். எழுதினவங்க சம்மதம் இல்லாம எதையும் எடுக்க மாட்டோம்னு சொன்னேன். அவ்ளோ சிரிப்பு அவருக்கு.

— ஐயோ! போனைக் குடு. …அப்பா?

— என்ன பாப்பா, இந்த நேரத்துல? இதழ் வந்துடுச்சா?

— நீங்கதானாப்பா சுவர்க்கோழி?

— கடிகாரம் மெதுவா ஓடுச்சும்மா. கழட்டிப் பாத்தேன், உள்ள உன் கேமரா. அப்புறம் சும்மா இருக்குமா இந்தக் கை? பூட்டுக்கு உங்கம்மா பேரை வெச்சிருக்கியே, அதைப் பாத்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

— அப்பா, அந்தப் பக்கம் வேண்டாம்பா. இன்னும் அரை மணியில எல்லாரும் வந்துடுவாங்க. எடுத்துடுறேன்னு மட்டும் சொல்லவா? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— ஒரு காகிதத்தைக் கிழிக்க இவ்ளோ பதறிப் போய் என் சம்மதம் கேக்குறியே பாப்பா, கடிகாரத்துக்குள்ள கேமராவை மாட்டுறப்ப ஏம்மா கேக்கல?