வெற்றி நாளன்று அடித்த துக்கமணி

1971-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ஆம் தேதி திங்கட்கிழமை, காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஐயா முன்பாக என் கையால் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயர் சந்தியாகு. தகப்பனார் பெயர் சவரிமுத்து. வயது அறுபத்து நான்கு. இராமநாதபுரம் மாவட்டம் ஆத்தங்குடியில் மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். முன்பு தரைக்கல் பட்டறையில் மணல் சலித்தேன். இப்போது எங்கள் தெரு மாதா கோயிலுக்குக் கோயில்பிள்ளையாக இருக்கிறேன். கோயிலைக் கூட்டுவதும் விளக்கு ஏற்றுவதும் மணி அடிப்பதும் என் வேலை. என் ஒரே மகன் அருளானந்து இராணுவத்தில் சிப்பாய். இப்போது நடந்த சண்டையில் கிழக்குப் பக்கம் இருக்கிறான்.

இன்று காலை நான் நிலையத்துக்கு வந்ததும் ஏட்டு முத்துராமலிங்கம் அவர்கள், நான் சொல்லச் சொல்லத் தாம் எழுதிக்கொள்வதாகவும் கடைசியில் ரேகை வைத்தால் போதும் என்றும் சொல்லி மைப்பெட்டியை எடுத்து வைத்தார்கள். நானே எழுதுவதாகச் சொன்னேன். "எழுத வருமா பெருசு?" என்று கேட்டார்கள். "வரும், மெதுவா வரும்" என்றேன். "அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போயிட்டு வந்துருவேன்" என்றார்கள். போய்விட்டு வந்தும்விட்டார்கள். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் உபதேசியார் சூசைமாணிக்கம். அவரை இந்த நிலையத்தில்தான் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் பட்டாளத்துக்குப் போன பிறகு, அவன் கடிதத்தை அடுத்தவர் வாயால் கேட்க மனசு ஒப்பாமல் அவரிடம் சிலேட்டை நீட்டினேன்.

உபதேசியார் மேல் உள்ள புகார் என்னவென்றால், இந்தச் சண்டை பாவம் என்று கோயிலில் பிரசங்கம் செய்தார், அதன் பிறகு நாடு ஜெயித்த மறுநாள் துக்கமணி அடிக்கச் சொன்னார், அதன் பிறகு சர்க்காருக்குப் பாடை கட்டி ஊர்வலம் விட்டார் என்பதாகும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எங்கள் கோயிலுக்குப் பங்குச்சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் செபம் நடத்திப் பிரசங்கமும் செய்வார். கடந்த 12-ஆம் தேதி ஞாயிறு, சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், அவர் சண்டையைப் பற்றிப் பேசினார். மனிதனைக் கொல்வது எந்தக் கொடியின் கீழ் நின்று செய்தாலும் பாவம் என்று சொன்னார். இதை நான் மறைக்கவில்லை. அவரும் மறைக்க மாட்டார். அதன் பிறகு செபம் முடிந்ததும் ஓய்வு பெற்ற ஹவில்தார் செபஸ்தியான் எழுந்து நின்றார். இவர் பழைய வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பர்மா வரை போய் வந்தவர். வெளியே வந்து வேப்பமரத்தடியில் பேசலாம் என்று கூப்பிட்டார். எல்லோரும் வெளியே வந்தோம்.

உபதேசியார் சொன்னார்: "பேதுரு வாள உருவுனது யாருக்காக? ஆண்டவருக்காக. அதையே உறையில போடச் சொல்லிட்டாருல்ல? அதுக்கு மேல நியாயமான சண்ட எதுய்யா இருக்கு?"

அதற்கு ஹவில்தார் சொன்னார்: "நூற்றுவர் தலைவன், அவனும் பட்டாளத்துக்காரந்தான், ஆண்டவரு முன்னால வந்து நின்னப்ப, மொதல்ல ஒன் பட்டாளத்து வேலைய விட்டுட்டு வான்னு சொன்னாரா? சொல்லலையே. மெச்சித்தானே அனுப்புனாரு."

"மெச்சினது அவென் விசுவாசத்த. ஈட்டிய இல்ல."

"அங்குட்டுப் பொம்பளைகளும் புள்ளைகளும் லட்சக்கணக்குல எல்ல தாண்டி ஓடி வந்துச்சுக. அதுகள வெட்டுனவென வேடிக்க பாத்துக்கிட்டு நாம இங்குட்டுச் செபமால உருட்டுனா, அது பாவமில்லையாக்கும்?"

உபதேசியார், "அதுவும் பாவந்தான்" என்றார். கூட்டத்தில் அழகி என்ற கிழவி, "அங்குட்டுப் போனாலும் பாவம், இங்குட்டு உக்காந்தாலும் பாவம். நல்லா இருக்கப்பா ஒங்க பிரசங்கம்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரிக்காதவள் என் மனைவி சவரியாயி. அவள் எழுந்து, "ரெண்டு பேரும் வேதத்த வச்சு மல்லுக்கட்டுறீக. எம் மயென் அங்க துப்பாக்கியோட நிக்கிறான். அவென் செய்யிறது பாவமா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்க" என்றாள்.

ஹவில்தார் உடனே, "அது அவென் கடமைம்மா, பாவமே இல்ல" என்றார். உபதேசியார், "பாவம்னா அது அவென் ஒருத்தன் மேல இல்ல தாயி. அவன மால போட்டு அனுப்புன நம்ம எல்லாரு மேலயும் இருக்கு. நானும் மால போட்டேன்" என்றார். அவர் போட்டது உண்மை. பஸ் ஏறும்போது என் மகன் கழுத்தில் முதல் மாலை அவர் போட்டதுதான். என் மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று அந்தப் பேச்சு தீரவில்லை. இன்று வரைக்கும் தீரவில்லை.

அதன் பிறகு 16-ஆம் தேதி வியாழக்கிழமை மாலையில், டாக்காவில் எதிரிப் படை சரணடைந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். ஊரெல்லாம் வெடி போட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஹவில்தார், தம் மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு கோயிலுக்கு வந்து, "அடியா சந்தியாகு, ஜெயிச்ச மணி" என்றார். நான் திருநாளுக்கு அடிப்பது போல இரண்டு கையாலும் கயிற்றை இழுத்து, வேகமாக, தெரு அதிர அடித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பட்டறை முதலாளி அழகுசுந்தரம் அவர்கள் தம் ஆட்களுக்கு லட்டு கொடுத்தார்கள். இந்த மணியைப் பற்றிப் புகாரில் ஒரு வரியும் இல்லை. அதனால் நான் இங்கே எழுதுகிறேன்.

மணி ஆடி நின்றது. கயிற்றை ஆணியில் மாட்டப் போனேன். மாட்ட முடியவில்லை. சண்டை முடிந்துவிட்டது. இருபக்கமும் விழுந்து கிடப்பவர்களுக்கு மணி அடிக்க அங்கே யார் இருப்பார்கள் என்று நினைத்தேன். என் மகன் விழுந்திருந்தானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு எதிரே நின்றவனின் தகப்பனுக்கும் அன்று காலையில் தெரிந்திருக்காது. அதன் பிறகு கயிற்றை ஒரு கையால் பிடித்து, ஒரு அடி, ஒரு மூச்சு நிறுத்தம், மறுபடி ஒரு அடி என்று துக்கமணி அடித்தேன். யாரும் என்னை அடிக்கச் சொல்லவில்லை. உபதேசியார் அந்த நேரம் கண்மாயில் குளித்துக்கொண்டிருந்தார். தாம்தான் அடிக்கச் சொன்னதாக அவர் இங்கே சொல்லியிருப்பது பொய். பட்டாளத்துக்காரன் தகப்பன் பெயர் போலீஸ் காகிதத்தில் ஏறக் கூடாது என்பதற்காக அவர் சொன்ன பொய். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் துக்கமணி கேட்டால், பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்கிற எல்லோரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பிணம் எடுத்த பிறகுதான் மறுபடி அச்சில் கலவை ஊற்றுவார்கள். அன்றும் எழுந்து வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் பெத்தன் என்ற பட்டறைக் கொத்தனார். கையெல்லாம் பச்சைச் சாயத்தோடு வந்து, "யாருய்யா போனது? அழகிக் கெழவியா?" என்று கேட்டார்.

பின்னால் நின்ற அழகி, "அடேய், நான் இங்கனதான்டா நிக்கிறேன். ஒனக்கு அம்புட்டு அவசரமா?" என்றாள்.

"அப்ப யாருக்கு மணி?"

"சண்டையில செத்தவுகளுக்கு" என்றேன். "நம்ம பக்கமும், அந்தப் பக்கமும்."

பெத்தன் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, பொணத்த எப்ப எடுக்குறீக?" என்று கேட்டார்.

"பொணம் இங்க எங்கப்பா இருக்கு?"

"மணி அடிச்சுப்புட்டு பொணம் இல்லன்னா எப்பிடிய்யா? எடுக்காம நாங்க எப்பிடி அச்சத் தொடுறது? கண்ணாடி மேல ஊத்துன சாயம் எறுகுது. நெற்குப்பை ஊர்க் கலியாண வீட்டுக்குப் போக வேண்டிய கல்லு."

இதை நான் நினைக்கவில்லை. மணி அடித்தவன் நான், பதில் சொல்ல வேண்டியவனும் நான். ஆட்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி வந்து சத்தம் போட்டார்கள்: "பேரு இல்லாத பொணம், ஊரு இல்லாத பொணம். இதுக்கு எத்தன நாளைக்கிய்யா உக்காருவீக?" யாரும் எழுந்திருக்கவில்லை. பழக்கத்தை மீற ஒருவருக்கும் துணிவு இல்லை. முதலாளிக்கும் இல்லை. சத்தம் மட்டும்தான் போட்டார்கள்.

அதன் பிறகு ஹவில்தார்தான் வழி சொன்னார். எங்கள் கோயிலில் இறந்தவரைத் தூக்கிப் போகிற, மேலே சிலுவை வைத்த மரப்பாடை ஒன்று இருக்கிறது. அதைத் தூம்பா என்போம். ஒவ்வொரு வருடமும் நவம்பரில், இறந்த ஆத்துமாக்களுக்காகச் செபிக்கும் நாளில், அதைக் காலியாகவே நடுக்கோயிலில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். காலித் தூம்பா எங்களுக்குப் புதிதும் இல்லை, கேலியும் இல்லை. ஹவில்தார், "அதத் தூக்கிக்கிட்டுக் கல்லறைக்குப் போயிட்டு வந்துருவோம். எடுத்த கணக்கு ஆயிரும், இவுகளும் வேலையப் பாப்பாக" என்றார். அப்போதுதான் குளித்துவிட்டு வந்த உபதேசியார், "ஜெயிச்ச மணி அடிக்கச் சொன்னவரே பாடையத் தூக்கச் சொல்லுறீக?" என்றார். ஹவில்தார், "பர்மாவுல நாங்க சுட்ட ஜப்பான்காரனுக்கும் குழி தோண்டுனது நாங்கதான். சுட்டது சரின்னுதான் இன்னைக்கும் சொல்லுவேன். குழி தோண்டுறப்ப தொப்பியக் கழட்டிட்டுத்தான் தோண்டுனேன்" என்றார்.

அதன் பிறகு முன்பக்கம் ஹவில்தாரும் நானும், பின்பக்கம் உபதேசியாரும் இன்னொருவரும் தோள் கொடுத்துத் தூம்பாவைத் தூக்கினோம். ஹவில்தார் மெடல்களைக் கழற்றவில்லை. சண்டை சரி என்றவரும் சண்டை பாவம் என்றவரும் ஒரே பாடையைத் தூக்கிக்கொண்டு வந்ததை எங்கள் தெரு அன்று பார்த்தது. என் மனைவி முன்னால் விளக்குப் பிடித்து நடந்தாள். யாரும் கோஷம் போடவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. செபம் மட்டும் சொன்னோம். ரோட்டில் கொடி கட்டியிருந்த இடத்தில் காரைக்குடி பஸ் நின்றது. வெற்றி நாளில் காலிப் பாடை வருவதைப் பார்த்த பஸ்காரர்கள், இது கட்சிக்காரர்கள் சர்க்காரைத் திட்டித் தூக்கும் பாடை என்று நினைத்துக் கத்தினார்கள். அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. எங்கள் பழக்கம் பஸ்ஸுக்குத் தெரியாது.

கல்லறையில் தூம்பாவை இறக்கிவிட்டுத் திரும்பினோம். ரோட்டு முனை வரைக்கும் எங்களோடு நடந்து வந்த பெத்தனும் மற்ற ஆட்களும், கல் ஊறப்போடும் தொட்டித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு அச்சுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அதற்குள் ஊற்றிய சாயம் இறுகிவிட்டது. அந்தக் கல்லெல்லாம் வீணானது உண்மை.

முதலாளி அழகுசுந்தரம் அவர்கள் கோபத்தில், பஸ்காரர்கள் கத்தியதையும் சேர்த்து, இந்தப் புகார் மனுவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் மகன் பட்டாளத்துக்குப் போன அன்று அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவர்கள். நேற்று நான் போய்க் கேட்டபோது, "ஒம் மயென் உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாதப்ப, நீயே வெறும் பாடையத் தூக்கலாமாய்யா? எனக்கு வயிறு எரிஞ்சுச்சு" என்று சொன்னார்கள். அவர்கள் கோபம் கல்லுக்காக மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஐயா அவர்கள் காலையில் என்னிடம், "ஒங்க உபதேசியார் சொல்றது சரியா, ஹவில்தார் சொல்றது சரியா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். என் மகன் போனது சரி. அவனை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அவன் கையால் ஒருவன் செத்திருந்தால் அவனுக்காக நான் அழ வேண்டும். அதுவும் சரி. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று எனக்கு விளக்கத் தெரியாது. ஜெயிச்ச மணியையும் துக்கமணியையும் நான் ஒரே கயிற்றில்தான் அடித்தேன்.

மணி அடித்தது குற்றமானால் குற்றவாளி நான். உபதேசியாரை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் என்னை உட்கார வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்று வேட்டி கொண்டு வந்திருக்கிறேன். இன்னும் ஐந்து நாளில் ஆண்டவர் பிறந்த திருநாள். பிரசங்கம் செய்ய உபதேசியாரை விட்டால் வேறு ஆள் இல்லை. மணிக்கு ஆள் இருக்கிறது. கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று நேற்றே ஹவில்தாருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

என் மகனிடமிருந்து இந்த நேரம் வரை தகவல் இல்லை. தபால் வந்தால் இந்த நிலையத்துக்கே கொண்டு வரச் சொல்லி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். படித்துக் காட்ட ஆள் தேட வேண்டாம். நானே படித்துக்கொள்வேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் செய்ததும் ஆகும். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை, யாருக்கும் பயந்து எழுதவில்லை. எழுதிய பிறகு ஒரு முறை நானே வாய்விட்டுப் படித்தேன், ஏட்டு அவர்களும் கேட்டார்கள், சரியாக இருக்கிறது. ரேகைக்கு விட்ட இடம் காலியாக இருக்கட்டும்.

(கையெழுத்து)
ச. சந்தியாகு
கோயில்பிள்ளை, மாதா கோயில் தெரு, ஆத்தங்குடி